துயரைத் தொண்டாக்கிய தாய்
மைசூர் மகாராணி வாணிவிலாஸ சந்நிதானத்தின் வாழ்க்கை

கொல்கத்தாவில் ஆதிகங்கைக் கரையில் கேவ்ராதலா என்னும் மயானம் இருக்கிறது. காளிகட்டத்துக்கு வரும் தென்னாட்டு யாத்திரிகர் அந்தப் பக்கம் சென்றால், வங்கத்துக் கட்டடங்களுக்கு நடுவே நம் ஊர்க் கோயிலை நினைவூட்டும் ஒரு வாயிலைக் காணலாம். அதை அடுத்த பூங்காவுக்கு மைசூர்ப் பூங்கா என்று பெயர். 1894-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், தொண்டை அடைப்பான் நோயால் அந்நகரில் உயிர்நீத்த மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் நினைவாக எழுந்தது அது. மன்னருக்கு அப்போது வயது 31. சுவாமி விவேகானந்தரைப் போலவே அவரும் 1863-ஆம் ஆண்டில் பிறந்தவர்.

அந்த மரணத்தால் ஒரு நாடு தன் அரசரை இழந்தது. 28 வயதுடைய ஒரு பெண் தன் கணவரை இழந்தார். ஐந்து குழந்தைகள் தந்தையை இழந்தனர். நாட்டின் இழப்பை ஈடுசெய்ய வேண்டிய பொறுப்பு, அந்தக் கைம்பெண்ணின் கைகளுக்கே வந்து சேர்ந்தது. அவர்தான் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி. வாணிவிலாஸ சந்நிதானம் என்பது அவரது அரண்மனைப் பட்டம். கர்நாடக மக்கள் இன்றும் அவரை அந்தப் பட்டத்தின் பெயராலேயே நினைவுகூர்கின்றனர்.

துயரம் மனிதரை இருவழிகளில் கொண்டுசெல்லக் கூடும். ஒன்று, உள்நோக்கிச் சுருங்கி, இழந்ததையே எண்ணி எண்ணித் தேய்வது. மற்றொன்று, இழந்தவர் விட்டுச் சென்ற கடமையைத் தன் தோளில் ஏற்று, அதையே அவருக்குச் செய்யும் நீத்தார் கடனாக மாற்றிக்கொள்வது. இரண்டாவது வழியில் சென்ற ஒரு மனைவியின், ஒரு தாயின் வாழ்க்கை இது.

களலேயிலிருந்து மைசூருக்கு

நஞ்சன்கூட்டுக்கு அருகில் உள்ள சிற்றூர் களலே. மைசூர் அரசின் தளவாய்கள் பலரைத் தந்த பழங்குடி அவ்வூரைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிக்காக நடந்த போர்களில் மைசூர்ப் படையை நடத்திவந்த தளவாய் நஞ்சராஜையா இக்குடியில் தோன்றியவரே. அதே குடியில் 1866-ஆம் ஆண்டு கெம்பநஞ்சம்மண்ணி பிறந்தார். தந்தையார் நரசராஜ அரசு. கபினி நதிக்கரையில் கோயில்கொண்டுள்ள நஞ்சுண்டேசுவரரின் திருப்பெயர் அவருடைய பெயரிலும் கலந்திருந்தது. நஞ்சை உண்டும் உலகைக் காத்தவனின் பெயரைத் தாங்கியவருக்கு வாழ்க்கை என்ன வைத்திருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1878-ஆம் ஆண்டு மே மாதம் அவருக்கும் இளவரசர் சாமராஜேந்திரருக்கும் திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு வயது 12. மணமகனுக்கு 15. அக்காலத்தில் மைசூர் நாடு நேரடியாக ஆங்கில அரசின் ஆணையர்களால் ஆளப்பட்டு வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மைசூர் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரை அப்பஞ்சம் பலிகொண்டதாகக் கணக்கிட்டனர். மழை பொய்த்தால் மக்கள் மடிவர் என்னும் உண்மை, அந்த இளம் தம்பதியர் வாழத் தொடங்கிய நாட்டின் முதல் பாடமாக இருந்தது.

1881-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஆட்சி மீண்டும் உடையார் குலத்துக்கு வந்தது. செங்கற்பட்டுச் சீமையில் பிறந்த ரங்காசார்லு முதல் திவானாக அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மக்கள் பிரதிநிதி சபை கூடியது. இந்தியச் சமஸ்தானங்களில் அத்தகைய சபை அதுவே முதலாவது. 1883-இல் ரங்காசார்லு மறைந்தபின் பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயர் திவானானார். தமிழறிந்த இவ்விருவரும் மைசூரின் நவீன நிர்வாகத்துக்கு அடித்தளமிட்டனர்.

மகாராணியின் வாழ்வு அரண்மனையின் உட்புறத்தில் அமைதியாகச் சென்றது. அரசகுலப் பெண்கள் பொதுவெளியில் தோன்றுவது அக்கால மரபன்று. ஜயலக்ஷ்மம்மண்ணி, கிருஷ்ணாஜம்மண்ணி, செலுவாஜம்மண்ணி என்ற மூன்று பெண்களையும், கிருஷ்ணராஜர், கண்டீரவ நரசிம்மராஜர் என்ற இரு ஆண்மக்களையும் அவர் வளர்த்தார். கிருஷ்ணராஜர் 1884 ஜூனிலும், இளையவர் 1888 ஜூனிலும் பிறந்தவர்கள். மனைவியாகவும் தாயாகவும் நிறைந்த வாழ்க்கை. அதற்கு மேல் ஒன்று தம்மிடம் கேட்கப்படும் என்று எண்ண எந்தக் காரணமும் அப்போது இருக்கவில்லை.

மன்னரின் வாழ்வில் சுவாமிஜி

1892-ஆம் ஆண்டு நவம்பரில் பெயரறியாப் பரிவ்ராஜகராகப் பயணம் செய்துகொண்டிருந்த சுவாமி விவேகானந்தர் மைசூரை அடைந்தார். திவான் சேஷாத்ரி ஐயர் அவரை வரவேற்றுத் தம் இல்லத்தில் தங்கவைத்து, மன்னருக்கு அறிமுகம் செய்துவைத்தார். மன்னர் அவரைத் தம் விருந்தினராக அரண்மனையில் தங்கச் செய்தார். ஏறத்தாழ ஒரே வயதினரான அவ்விருவருக்கும் இடையே அன்பும் மதிப்பும் வளர்ந்தன. சுவாமிஜியின் குரலை ஒலிப்பதிவுக் கருவியில் மன்னர் பதிவுசெய்து வைத்ததையும், மேலைநாட்டுப் பயணத்துக்கு உதவ முன்வந்ததையும், விடைபெறும் வேளையில் பொன்னும் பொருளும் பெற சுவாமிஜி மறுத்ததையும் அவரது வாழ்க்கை வரலாற்றைப் படித்தோர் அறிவர்.

அந்த நட்பின் விளைவாக ஒரு கடிதம் பிறந்தது. 1894 ஜூன் 23-ஆம் நாள் சிகாகோவிலிருந்து சுவாமிஜி மைசூர் மன்னருக்கு எழுதினார். இந்திய ஏழை மக்களின் நிலை, அவர்களிடமே கல்வியைக் கொண்டுசெல்ல வேண்டியதன் தேவை, பிறருக்காக வாழ்வதில் உள்ள மேன்மை ஆகியவையே அக்கடிதத்தின் கருப்பொருள். ஓர் அரசர் தம் நாட்டில் செயலாக்கத்தக்க பெரும் திட்டம் அது. அதைப் பெற்ற மன்னருக்கோ, ஆறு மாதங்களே வாழ்நாள் மிச்சம் இருந்தன.

1897 பிப்ரவரியில் சுவாமிஜி வெற்றியுடன் சென்னை வந்தபோது, அவரை வரவேற்க மைசூரில் அந்த நண்பர் இல்லை. ஆனால் அந்நாட்டில் பிறர்நலப் பணி நின்றுவிடவில்லை. அப்போது அரியணைக்குக் காவலாக இருந்தவர் அவருடைய மனைவி.

இருபத்தெட்டாம் வயதில்

அரச மரபின்படி பத்து வயது நிரம்பிய மூத்த மகன் கிருஷ்ணராஜர் மன்னராக முடிசூட்டப் பெற்றார். அவர் வளர்ந்து ஆளாகும்வரை ஆட்சிப் பொறுப்பை யார் ஏற்பது? ஆங்கில அரசு மகாராணியையே ஆட்சிக் காப்பாளராக நியமித்தது. திவானும் உறுப்பினர்களும் கொண்ட ஆலோசனைச் சபை ஒன்று அவருக்குத் துணையாக அமைந்தது.

அந்தக் காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. கணவனை இழந்த பெண், மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டவும் தயங்க வேண்டியிருந்த காலம் அது. எவ்வளவு உயர்ந்த குடியில் பிறந்தாலும் அவளுடைய உலகம் ஓர் அறைக்குள் சுருங்கிவிடும். அத்தகைய சமுதாயத்தில், கணவர் மறைந்த துக்கம் ஆறுமுன்பே ஒரு கைம்பெண் நாட்டின் தலைமையில் அமர்ந்தார். அவர் பெயரால் ஆணைகள் பிறந்தன. நீதியும் நிதியும் அவருடைய ஒப்புதலை எதிர்நோக்கி நின்றன. மக்கள் பிரதிநிதி சபையும் தவறாமல் கூடியது.

சாமராஜேந்திரரின் ஆட்சியில், 1894-ஆம் ஆண்டில், மைசூர் நாடு குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியருக்குத் திருமணம் செய்வதையும், ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமியரை மணப்பதையும் அது தடைசெய்தது. சிறு வயதிலேயே விதவைகளாகும் பெண்களின் கண்ணீரைக் குறைக்க எழுந்த சட்டம் அது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு, பன்னிரண்டு வயதில் மணம்புரிந்து இருபத்தெட்டில் கணவரை இழந்த ஒருவரிடம் வந்தது. மைசூர் நகரில் 1881-இல் தொடங்கப்பட்டிருந்த மகாராணி பெண்கள் பள்ளியும் தொடர்ந்து வளர்ந்து, பின்னர் கல்லூரியாக மலர்ந்தது.

அக்காலச் சாதனைகளை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் திவான்களின் பெயரிலேயே எழுதுகின்றன. திட்டம் வகுத்தவர்கள் அவர்கள் என்பது உண்மையே. சேஷாத்ரி ஐயரின் பேராற்றலை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் அரசர் இல்லாத நாட்டில், சென்னை மாகாணத்திலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே பதவிப் பூசல்கள் நிலவிய சூழலில், பெரும் பொருட்செலவு கோரும் திட்டங்கள் தடைபடாமல் தொடர வேண்டுமானால், மேலே ஓர் உறுதியான ஆதாரம் தேவை. கட்டடத்தில் கண்ணுக்குத் தெரிவது கோபுரம். தாங்கி நிற்பதோ அடிக்கல். மகாராணி அந்த அடிக்கல்லாக இருந்தார்.

நெருப்பும் கொள்ளைநோயும்

பொறுப்பேற்ற இரண்டே ஆண்டுகளில் அடுத்த சோதனை வந்தது. 1897-ஆம் ஆண்டு மூத்த மகள் ஜயலக்ஷ்மம்மண்ணியின் திருமணம் அரண்மனையில் நடைபெற்றது. தந்தையில்லாக் குறை தெரியாமல் தாய் நடத்திய முதல் திருமணம். அந்த விழாக் காலத்திலேயே அரண்மனையில் தீப்பிடித்தது. பெரும்பகுதி மரத்தாலான அப்பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. கணவருடன் வாழ்ந்த இல்லம், குழந்தைகள் தவழ்ந்த கூடங்கள், தலைமுறைகளாகச் சேர்ந்த பொருள்கள் அனைத்தும் அதில் அழிந்தன.

குடும்பம் ஜகன்மோகன் அரண்மனையில் குடியேறியது. அழிந்த இடத்திலேயே புதிய அரண்மனை எழுப்பும் பணியை ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞரிடம் மகாராணியின் அரசு ஒப்படைத்தது. கல்லாலும் இரும்பாலும் ஆன அப்புதிய மாளிகை 1912-இல் நிறைவுற்றது. செலவு ஏறத்தாழ 41 லட்சம் ரூபாய். ஆண்டுதோறும் தசராக் காலத்தில் பல்லாயிரம் விளக்குகளால் ஒளிரும் மைசூர் அரண்மனையைக் கண்டு வியப்போரில், அது சாம்பலிலிருந்து எழுந்தது என்பதை நினைப்பவர் சிலரே.

அதே 1897-ஆம் ஆண்டில் பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனைக்கு மகாராணி அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே பிளேக் என்னும் கொள்ளைநோய் பெங்களூரைத் தாக்கியது. பின் மைசூருக்கும் பரவியது. நெருக்கமான தெருக்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். நோய் தணிக்கும் முயற்சிகளோடு, நெரிசலைக் குறைக்கும் நிலையான ஏற்பாடும் தேவை என்பதை அரசு உணர்ந்தது. காற்றோட்டமும் அகன்ற தெருக்களும் கொண்ட பசவனகுடி, மல்லேசுவரம் என்னும் புதிய குடியிருப்புகள் பெங்களூரில் உருவாயின. பசவனகுடியின் முக்கியச் சாலைகளுள் ஒன்று இன்றும் வாணிவிலாஸ் சாலை என்றே வழங்குகிறது. அதே பசவனகுடியில்தான் ஸ்ரீராமகிருஷ்ண மடத்துக்கு 1906-இல் சுவாமி அபேதானந்தர் அடிக்கல் நாட்டினார். 1909 ஜனவரியில் சுவாமி பிரம்மானந்தர் அம்மடத்தைத் திறந்துவைத்தார். கொள்ளைநோயின் கொடுமையிலிருந்து பிறந்த ஒரு நற்பகுதியில் இறைவனின் திருக்கோயிலும் அமைந்தது.

விக்டோரியா மருத்துவமனை 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் வைஸ்ராய் கர்ஸன் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏழை நோயாளிகளின் புகலிடமாக அது விளங்கி வருகிறது.

நீரும் ஒளியும்

சித்ரதுர்கம் மாவட்டத்தில் ஹிரியூர் வட்டாரம் வறட்சிக்குப் பெயர்போனது. அங்கே வேதவதி ஆறு இரு குன்றுகளுக்கிடையே புகுந்து செல்லும் மாரிகணிவே என்ற இடத்தில் அணை கட்டும் எண்ணம் நெடுங்காலமாக இருந்து வந்தது. மகாராணியின் காலத்தில் அது செயல்வடிவம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பணி 1907-இல் முடிவடைந்தது. சுமார் 30 டி.எம்.சி. நீர் கொள்ளும் அந்நீர்த்தேக்கத்துக்கு வாணிவிலாஸ சாகரம் என்று பெயரிட்டனர்.

மழை குறைந்த பகுதி ஆதலால் அந்நீர்த்தேக்கம் முழுதும் நிரம்புவது மிக அரிது. 1933-இல், மகாராணி மறைவதற்கு முந்தைய ஆண்டில், அது நிரம்பி வழிந்தது. பின்னர் 2022-ஆம் ஆண்டில்தான், 89 ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் நிரம்பி வழிந்தது. நிரம்பாத ஆண்டுகளிலும் அது வயல்களுக்கும் வீடுகளுக்கும் தன்னிடம் உள்ளதைத் தந்துகொண்டே இருந்தது. நிறைவு வரும்வரை காத்திராமல், இருப்பதைக் கொண்டு பிறரை வாழ்விப்பதே தாய்மை. அப்பெயர் அந்த நீருக்கு மிகப் பொருத்தமானது.

காவிரியிலும் ஒரு பெரும் செயல் நிகழ்ந்தது. குடகில் பிறந்து மைசூர் நாட்டை வளப்படுத்தும் காவிரி, சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கிறது. பின் மேக்கேதாட்டு, ஒகேனக்கல் வழியே மலைக்காடுகளுக்கிடையே ஓடி, பாலாறு வந்து கலக்கும் எல்லைப்பகுதியைக் கடந்து மேட்டூரில் தமிழ்நிலத்தின் சமவெளியை அடைகிறது. அந்தச் சிவசமுத்திர அருவியின் ஆற்றலைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்தை சேஷாத்ரி ஐயர் முன்வைத்தார். இந்தியாவில் பெரும்பாலோர் மின்விளக்கையே கண்டிராத காலம் அது. தோல்வியுற்றால் கருவூலத்துக்குப் பேரிழப்பு. மகாராணியின் அரசு அத்திட்டத்தை ஏற்றது. 1902 ஜூன் மாதத்தில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. 1905-இல் பெங்களூரின் தெருக்களும் மின்னொளி பெற்றன.

அறிவின் ஒளிக்கும் மைசூர் துணை நின்றது. 1893-இல் சுவாமிஜியுடன் ஒரே கப்பலில் பயணம் செய்த ஜாம்ஷெட்ஜி டாடா, உயர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைக்க விரும்பி 1898 நவம்பரில் சுவாமிஜிக்குக் கடிதம் எழுதியதை நாம் அறிவோம். அந்த நிறுவனத்துக்கு இடம் தேடியபோது மைசூர் ஆதரவளிக்க முன்வந்தது. கிருஷ்ணராஜரின் ஆட்சியில், 1907-இல், பெங்களூரில் 371 ஏக்கர் நிலத்தை மைசூர் அரசு வழங்கியது. இந்திய அறிவியல் கழகம் அந்நிலத்தில்தான் வளர்ந்தது.

மகனை உருவாக்கிய தாய்

இத்தனை பொறுப்புகளுக்கிடையே மகாராணி மற்றொரு பெரும் பணியையும் செய்துகொண்டிருந்தார். அது ஒரு மன்னரை உருவாக்கும் பணி. இளமையிலேயே பட்டம் பெற்ற சிறுவர்கள் முகத்துதியிலும் சுகபோகத்திலும் கெட்டுப்போன கதைகள் சமஸ்தானங்களில் ஏராளம். கிருஷ்ணராஜரின் கல்விக்கு ஸ்டூவர்ட் ஃபிரேசர் என்ற ஆங்கில அதிகாரி பொறுப்பேற்றார். நவீனக் கல்வியுடன் சம்ஸ்கிருதம், கன்னடம், இசை, குதிரையேற்றம் ஆகியவற்றிலும் இளவரசர் தேர்ச்சி பெற்றார். சாமுண்டியம்மையிடம் பக்தியும், பூஜை நியமங்களில் ஒழுங்கும் அரண்மனையின் வாழ்க்கையிலேயே அவருக்குக் கிடைத்தன. 1900-ஆம் ஆண்டு ஜூனில் கத்தியவாரைச் சேர்ந்த பிரதாபகுமாரி தேவியுடன் அவருக்குத் திருமணம் நடந்தது.

அந்த வளர்ப்பின் பயனை நாடு பின்னர்க் கண்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்ட நால்வடி கிருஷ்ணராஜ உடையாரைக் காந்தியடிகள் ராஜரிஷி என்று போற்றினார். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டு காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராக அவர் அமர்ந்தார். காவிரியில் கண்ணம்பாடி அணை எழுந்தது. 1931-இல் கயிலை யாத்திரையும் மேற்கொண்டார். அரியணையில் அமர்ந்தும் அதில் ஒட்டாத அந்த மனப்பாங்குக்கு முன்மாதிரி எங்கே கிடைத்தது என்று தேடினால், அதற்கான விடை அவருடைய பதினெட்டாம் வயதில் நிகழ்ந்த ஒரு விழாவில் இருக்கிறது.

ஒப்படைத்த நாள்

1902-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள். ஜகன்மோகன் அரண்மனையில் கர்ஸன் பிரபு முன்னிலையில் கிருஷ்ணராஜர் முழு ஆட்சியுரிமை பெற்றார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் நாட்டைக் காத்த மகாராணி, அன்று அப்பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்கு வயது 36.

அதிகாரத்தை ஏற்பது கடினம். அதனினும் கடினம் அதை விடுவது. பிள்ளைக்காகப் பாதுகாத்த பொருளைப் பிள்ளையிடமே தர மனமின்றிப் போராடிய பெற்றோர்கள் வரலாற்றில் உண்டு. நம் வீடுகளிலும் உண்டு. சாவிக்கொத்தை மருமகளிடம் தருவதற்கே மனம் எவ்வளவு தயங்குகிறது! ஆனால் மகாராணி ஒரு நாட்டையே ஒப்படைத்தார். அதன்பின் வாழ்ந்த 32 ஆண்டுகளில் அவர் ஆட்சிப் பொறுப்பில் மீண்டும் அமரவில்லை. ராஜமாதாவாக மட்டுமே வாழ்ந்தார்.

இல்லறத்தார் உலகில் எப்படி வாழ வேண்டும் என்பதை விளக்க, பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் செல்வர் வீட்டுப் பணிப்பெண்ணை உதாரணம் காட்டுவதுண்டு. அவள் எசமானரின் குழந்தைகளைத் தன் குழந்தைகளாகவே பேணுவாள். ஆனால் அந்த வீடு தன்னுடையதல்ல என்பதை அவள் மனம் ஒருகணமும் மறப்பதில்லை. மகாராணியின் வாழ்வில் இந்த உவமை வேறொரு விதமாகப் பொருந்துகிறது. அவர் பேணியது தம் சொந்த மகனைத்தான். ஆனால் அந்த மகனின் உடைமையைத் தமது என்று அவர் கொள்ளவில்லை. பெற்ற பிள்ளையிடமும் பற்றற்ற அறங்காவலராக நிற்பது, பிறர் பிள்ளையிடம் அவ்வாறு நிற்பதைவிட அரியது அல்லவா? கீதை போதிக்கும் கர்மயோகம் காட்டிலும் குகையிலும் மட்டுமே கைகூடுவதன்று. தொட்டில் ஆட்டும் கையிலும், ஆணையில் கையொப்பமிடும் கையிலும் அது கைகூடும்.

மீண்டும் துயரம்

பொறுப்பு நீங்கியபின் மகாராணியின் வாழ்வு துயரின்றிக் கழிந்தது என்று சொல்வதற்கில்லை. அவருடைய மகள் கிருஷ்ணாஜம்மண்ணியைக் காசநோய் பற்றியது. மருந்தில்லாத காலம் அது. இளம் மனைவியாகவும் தாயாகவும் இருந்த அவர் மறைந்தார். அவருடைய பெண்மக்களையும் அதே நோய் கொண்டுசென்றது. அரண்மனையின் மதில்கள் படைகளைத் தடுக்கும். நோய்க்கிருமியைத் தடுக்குமா? கணவரின் மரணத்தைக் கண்ட கண்கள், மகளின் மரணத்தையும் பேத்தியரின் மரணத்தையும் காண நேர்ந்தது.

அந்த வீட்டின் வழக்கம் இப்போதும் மாறவில்லை. சொந்தத் துயரிலிருந்து மக்களுக்கான ஒரு நற்பணி தோன்றியது. காசநோயாளிகளுக்கென மைசூரில் ஒரு மருத்துவமனையை நிறுவிய கிருஷ்ணராஜர், அதற்குத் தம் சகோதரியின் பெயரையே சூட்டினார். இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோய் மருத்துவமனை என்பது அதன் பெயர். சுருக்கமாகப் பி.கே.டி.பி. மருத்துவமனை என்று மக்கள் அழைக்கின்றனர். ஓர் இளம்தாயின் உயிரைக் காக்க இயலாத ஏக்கம், ஆயிரமாயிரம் தாய்மார்கள் தம் குழந்தைகளிடம் நலமுடன் திரும்பும் வழியாக மாறியது. முன்பு தாய் காட்டிய வழியையே மகன் பின்பற்றினார்.

நினைவு வாழும் இடங்கள்

1934-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வாணிவிலாஸ சந்நிதானம் இறைவனடி சேர்ந்தார். கணவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் நிறைவுறும் ஆண்டு அது. தம் இரு ஆண்மக்களும் 1940-ஆம் ஆண்டில், ஐந்து மாத இடைவெளியில், அடுத்தடுத்து மறைந்ததைக் காணும் துயரிலிருந்து இறைவன் அந்தத் தாயைக் காத்தான்.

அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1935-இல், பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனைக்கு அருகில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. வாணிவிலாஸ் மருத்துவமனை என்று அதற்குப் பெயர். 1897-இல் அவர் நாட்டிய அடிக்கல்லின் அருகிலேயே அவர் பெயரும் நிலைபெற்றது. அன்று முதல் அங்கே பிறந்த குழந்தைகள் எத்தனையோ லட்சம் இருக்கும். அக்குழந்தைகளின் தாய்மாரில் பலர் வேலைக்காரப் பெண்கள், கூலித் தொழிலாளர்களின் மனைவியர், கிராமங்களிலிருந்து பேருந்தேறி வந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு அந்தப் பெயருக்குரியவர் யார் என்று தெரியாது. தெரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பிரசவ வேதனையில் இருக்கும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஒரு கட்டிலும், ஒரு மருத்துவரும், ஒரு குவளை நீரும் கிடைத்தால் போதும். அவளுக்கு அங்கே ஒரு தாய் இருக்கிறாள்.

நம் அன்புக்குரிய ஒருவர் மறையும்போது, அவருடைய படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றுகிறோம். திதி கொடுக்கிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. அவற்றோடு, மறைந்தவர் யாரைப் பேணினாரோ அவர்களைப் பேணுவதும், அவர் எதை முடிக்காமல் விட்டாரோ அதை முடிப்பதும் நமது கடன். மறைந்த தாய்க்கு ஒரு மகனும், மனைவிக்கு ஒரு கணவனும் செய்யக்கூடிய உயர்ந்த சிராத்தம், அவளுடைய அன்பு தம்மோடு நின்றுவிடாமல் ஓர் ஏழையின் வீடு வரை செல்லும்படி செய்வதே. அதற்கு நாடும் அரண்மனையும் தேவையில்லை. ஒரு மாணவியின் பள்ளிக் கட்டணம், ஒரு நோயாளிக்கு வாங்கித் தரும் மருந்து, ஆதரவற்ற ஒரு முதியவருக்கு ஒருவேளை உணவு ஆகியவையும் போதும்.

தனக்கென வந்த துயரை அனைவருக்குமான அருளாக மாற்றும் ஆற்றலை, அன்னை பராசக்தி, பிரிவால் வாடும் ஒவ்வோர் இல்லத்துக்கும் அருள்வாளாக!